இழுவைப் படகு மாதிரிக்கு எந்தப் புரொப்பெல்லர்: அளந்து பார்த்து முடிவெடுத்தல்

என் மேசைமேல் மூன்று புரொப்பெல்லர்கள் இருக்கின்றன. ஒன்று, இரண்டு இறக்கைகள் கொண்ட 40 மி.மீ. நைலான், இன்னொன்று, மூன்று இறக்கைகள் கொண்ட 50 மி.மீ. பித்தளை, மற்றது, நான்கு இறக்கைகள் கொண்ட 55 மி.மீ. பித்தளை. 1:50 அளவில் செய்த, 60 செ.மீ. நீளமும் ஏறத்தாழ 4 கிலோ எடையும் உள்ள துறைமுக இழுவைப் படகு ஒன்றின் தண்டில் இவற்றில் ஒன்றைப் பூட்ட வேண்டும். மூன்றும் அந்தத் தண்டில் ஏறும். மூன்றும் படகை நகர்த்தவும் செய்யும். தேர்வு கடினமாவது அதனால்தான். பொருந்தாத புரொப்பெல்லர் முதல் நிமிடத்திலேயே தன் குறையைக் காட்டிவிடுவதில்லை. பத்து நிமிடம் ஓடிய பிறகு மோட்டார் தொட முடியாதபடி சுடும்போதோ, கரையை நெருங்கும் படகு பின்விசை கொடுத்தும் நிற்காமல் வந்து முட்டும்போதோதான் அது தெரியவரும்.

ஒரு புரொப்பெல்லரை முக்கியமாக இரண்டு எண்கள் வரையறுக்கின்றன. ஒன்று விட்டம், இறக்கை நுனிகள் சுற்றிவரும் வட்டத்தின் குறுக்களவு. மற்றது பிட்ச், மரத்தில் இறங்கும் திருகாணியைப்போல, தண்ணீர் சற்றும் நழுவாது என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்றில் புரொப்பெல்லர் முன்னேறியிருக்கக்கூடிய தூரம். பிட்ச்சை விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் விகிதம் ஒரே பார்வையில் அதன் குணத்தைச் சொல்லிவிடும். கனமாக மெல்லச் செல்லும் படகுகளுக்கு இந்த விகிதம் பெரும்பாலும் 1-க்குக் கீழேயோ அதை ஒட்டியோ இருக்கும். பந்தயப் படகுகளுக்கு 1.4 அல்லது அதற்கும் மேலே போகும். சில தயாரிப்பாளர்கள் இவ்விரண்டையும் பெயரிலேயே வைத்துவிடுகிறார்கள். ஆக்டுராவின் எக்ஸ்440 என்றால் விகிதம் 1.4, விட்டம் 40 மி.மீ., ஆகவே பிட்ச் 56 மி.மீ. என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். மாதிரிக் கப்பல்களுக்கான பித்தளைப் புரொப்பெல்லர்களில் பலவற்றின் உறையிலோ விட்டமும் மரையின் அளவும் மட்டுமே இருக்கும், பிட்ச் இருக்காது. எடுத்த எடுப்பில் ஒப்பிட உட்காருவதைவிட முதலில் அளந்துவிடுவதே முறை என்று நான் சொல்வது இதனால்தான்.

விட்டத்தை அளப்பது இரண்டு அல்லது நான்கு இறக்கை உள்ளவற்றில் சிரமமே இல்லை. எதிரெதிர் நுனிகளுக்கு வெர்னியர் காலிப்பரின் தாடைகளை வைத்துப் படித்துக்கொள்ளலாம். மூன்று இறக்கைகள் உள்ளதில் எதிர்நுனி என்று ஒன்று இல்லை; நுனியிலிருந்து எதிரே உள்ள இடைவெளிக்குக் குத்துமதிப்பாக அளப்பவர்கள் ஐந்து மில்லிமீட்டர் வரைகூடத் தவறவிடுகிறார்கள். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. தண்டைப் பூட்டிக்கொண்டு, தண்டின் அப்பக்க விளிம்பிலிருந்து இறக்கையின் நுனிவரை அளந்து, தண்டின் விட்டத்தில் பாதியைக் கழித்து, மிஞ்சுவதை இரட்டிப்பது ஒரு வழி, 4 மி.மீ. தண்டில் 27 மி.மீ. வந்தால், 2 போக 25, ஆகவே விட்டம் 50. அடுத்தடுத்த இரண்டு நுனிகளுக்கு இடையிலான நேர்த்தூரத்தை எடுத்து 1.155 ஆல் பெருக்குவது மற்றொரு வழி. என்னிடம் உள்ள மூன்றிறக்கைப் பித்தளையில் அந்தத் தூரம் 43.3 மி.மீ.; பெருக்கினால் 50.0. ஐந்து இறக்கைகள் உள்ளதற்கு, ஒன்றைத் தாண்டி அடுத்த நுனிக்கு உள்ள தூரத்தை 1.051 ஆல் பெருக்க வேண்டும். மூன்று நுனிகளுக்கு இடையிலும் தனித்தனியே அளந்தால், ஏதாவது ஓர் இறக்கை இடம் விலகிப் பற்றவைக்கப்பட்டிருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

பிட்ச்சை அளப்பதில்தான் பொறுமை வேண்டும். ஒரு தட்டையான பலகையில் தண்டின் கனத்துக்குச் செங்குத்தாக ஒரு துளை போட்டு, அதைச் சுற்றி வெள்ளைத் தாளை ஒட்டி, துளையை மையமாக வைத்து ஒரு வட்டம் வரைகிறேன். வட்டத்தின் ஆரம் புரொப்பெல்லரின் ஆரத்தில் பத்தில் ஏழு பங்கு, 50 மி.மீ. புரொப்பெல்லருக்கு 17.5 மி.மீ. இந்த இடத்தைத் தேர்வதற்குக் காரணம் உண்டு: இறக்கை செய்யும் வேலையின் பெரும்பகுதி இதன் அருகில்தான் நடக்கிறது. புரொப்பெல்லரின் தண்டை அந்தத் துளையில் செருகி, அது பலகையின்மேல் படியும்படி வைத்து, இறக்கையின் முன்விளிம்பும் பின்விளிம்பும் அந்த வட்டத்துக்கு நேர்மேலே வரும் இரண்டு புள்ளிகளை ஒரு சிறிய மூலைமட்டத்தின் உதவியால் தாளில் இறக்கிக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு காலிப்பரின் ஆழமளக்கும் கம்பியால் அவ்விரு விளிம்புகளின் உயரத்தையும் பலகையிலிருந்து எடுக்க வேண்டும். இரண்டு விளிம்பிலும் இறக்கையின் ஒரே முகத்தைத் தொட்டு அளப்பது முக்கியம். ஒன்றில் மேல்முகம், மற்றதில் கீழ்முகம் என்று தொட்டுவிட்டால் இறக்கையின் கனமும் கணக்கில் சேர்ந்துவிடும். உயரங்களின் வித்தியாசத்தை 360 ஆல் பெருக்கி, தாளில் குறித்த இரண்டு புள்ளிகளும் மையத்தில் அமைக்கும் கோணத்தால் வகுத்தால் பிட்ச் கிடைத்துவிடும்.

என் பித்தளையில் முதல் இறக்கையின் கோணம் 60 பாகை, உயர வித்தியாசம் 7.0 மி.மீ.; ஆகவே பிட்ச் 42 மி.மீ., விகிதம் 0.84. இரண்டாவது இறக்கையில் 7.1 மி.மீ., அதாவது 42.6. மூன்றாவதில் 6.3 மி.மீ. மட்டுமே வந்தது, பிட்ச் 37.8. மூன்று முறை திரும்பத் திரும்ப அளந்தும் அதே எண்தான். கண்ணால் பார்த்தால் மூன்று இறக்கைகளும் ஒன்றுபோலவே தெரிந்தன. இப்படி ஓர் இறக்கை மட்டும் குறைவாக உந்தினால், எடைச் சமநிலை சரியாக இருந்தாலும் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கமாகத் தள்ளப்படும். அது அதிர்வாகவும், நாளடைவில் தண்டுக்குழலின் புஷ் தேய்வாகவும் வெளிப்படும். அந்த இறக்கையைத் தோல் சுற்றிய குறடால் பிடித்து இம்மியளவு முறுக்கி, மீண்டும் அளந்து சரிசெய்தேன். தகட்டிலிருந்து வெட்டி, நடுவிலுள்ள குடத்தில் பற்றவைத்த பித்தளை இறக்கை இதைத் தாங்கும். வார்ப்பு வெண்கலத்தில் இதைச் செய்யத் துணியக் கூடாது, முறிந்துவிடலாம்.

இந்த முறையில் பிழை எவ்வளவு என்பதையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். 60 பாகை கோணமுள்ள இறக்கையில் உயரத்தை அரை மில்லிமீட்டர் தவறாகப் படித்தால் பிட்ச்சில் 3 மி.மீ. பிசகிவிடும். இறக்கை எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவுக்குப் பிழையும் கூடும். கோணமானி கையில் உள்ளவர்கள் அந்த ஆரத்தில் இறக்கையின் சாய்வை நேரடியாக அளந்து, வட்டத்தின் சுற்றளவை அந்தச் சாய்வின் டேன்ஜென்ட்டால் பெருக்கியும் பிட்ச்சைக் காணலாம். சாய்வு எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. 42 மி.மீ. பிட்ச் உள்ள அதே இறக்கை, மையத்திலிருந்து 10 மி.மீ. தூரத்தில் ஏறத்தாழ 34 பாகை சாய்ந்திருக்கும், 17.5 மி.மீ. தூரத்தில் 21 பாகை. நுனியில் 15 பாகை. சுழல் படிக்கட்டில் உள்ளோரம் செங்குத்தாகவும் வெளியோரம் சாய்வாகவும் இருந்தாலும் ஏறும் உயரம் ஒன்றுதானே, அதைப்போல. பந்தயப் புரொப்பெல்லர்களில் இந்தக் கணக்கு முழுமையாகச் செல்லாது. முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புக்குப் போகப் போகப் பிட்ச் கூடும்படியும், பின்விளிம்பு சற்றே உட்புறம் வளைந்தும் அவை செய்யப்படுகின்றன; அவற்றின்மேல் எழுதியுள்ள எண்ணை ஓர் அடையாளமாக எடுத்துக்கொண்டு, தண்ணீரில்தான் ஒப்பிட வேண்டும்.

இதே முறையில் அளந்தபோது நைலானின் பிட்ச் 52 மி.மீ., விகிதம் 1.3, நான்கிறக்கைப் பித்தளையின் பிட்ச் 50 மி.மீ., விகிதம் 0.91. இனித்தான் ஒப்பீடு.

படகு எவ்வளவு வேகமாகப் போக வேண்டும் என்பதிலிருந்து தொடங்கலாம். மாதிரியின் வேகத்தைக் காண உண்மைக் கப்பலின் வேகத்தை அளவு விகிதத்தால் வகுக்கக் கூடாது. அந்த விகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும் என்பது வில்லியம் ஃப்ரூட் 19-ஆம் நூற்றாண்டில் கப்பல் மாதிரிகளைத் தொட்டியில் இழுத்துப் பார்த்து நிலைநாட்டிய விதி. அப்போதுதான் படகு எழுப்பும் அலைகள் உண்மைக் கப்பலின் அலைகளைப்போல அமையும். 12 நாட் வேகத்தில் செல்லும் இழுவைப் படகு நொடிக்கு 6.17 மீட்டர் போகிறது. 50-இன் வர்க்கமூலமான 7.07 ஆல் வகுத்தால் நம் மாதிரி நொடிக்கு 0.87 மீட்டர் போக வேண்டும். வேகமாக நடப்பவரின் நடையைவிடவும் இது குறைவு. மாதிரிப் படகுகளில் பெரும்பாலானவை தேவைக்கு மேல் வேகமாக ஓட்டப்படுகின்றன என்பது என் கருத்து. முன்முனையான அணியத்தில் தண்ணீரை மலைபோல் குவித்துக்கொண்டு ஓடும் இழுவைப் படகு எவ்வளவு நுணுக்கமாகச் செய்யப்பட்டிருந்தாலும் பொம்மையாகவே தெரியும்.

பிட்ச்சைச் சுற்றுவேகத்தால் பெருக்கினால் கிடைப்பது நழுவல் இல்லாத வேகம். உண்மையில் தண்ணீர் நழுவும். கனமான படகுகளில் பாதியளவுகூட நழுவும். 50 மி.மீ. பித்தளையில் 45 விழுக்காடு நழுவல் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 0.87 மீட்டர் போக நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,270 சுற்றுகள் வேண்டும். அதே நழுவலில் 55 மி.மீ.க்கு 1,900 போதும். 40 மி.மீ. நைலானுக்கும் அதே நழுவலைப் போட்டு 1,830 என்று கணக்கிட்டால் அது ஏமாற்றிவிடும். சிறிய வட்டம் 4 கிலோ படகைத் தள்ளும்போது நழுவல் கூடிவிடும். 60 விழுக்காடு என்று கொண்டால் 2,520 வருகிறது.

விட்டத்தில் சில மில்லிமீட்டர் கூடுவதன் விளைவைப் பலரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். வடிவம் மாறாமல், சுற்றுவேகமும் மாறாமல் இருந்தால், புரொப்பெல்லர் விழுங்கும் திறன் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 50-லிருந்து 55-க்குப் போவது பத்தில் ஒரு பங்கு கூட்டுவதுதான் என்று தோன்றும், திறனோ 1.61 மடங்காகிறது. 40-லிருந்து 50-க்குப் போனால் மூன்று மடங்குக்கும் மேல். உண்மையில் மோட்டார் அந்தச் சுமையின்கீழ் வேகம் குறைந்து ஓரளவு விட்டுக்கொடுக்கும். ஆனால் அப்படி விட்டுக்கொடுக்கும் பிரஷ் மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்து, அதில் ஒரு பகுதியைச் சுருளில் வெப்பமாக ஆக்கிவிடும். பிட்ச் கூடினாலும் சுமை கூடும்; எனினும் விட்டத்தைப்போல அவ்வளவு கடுமையாக அல்ல. ஆகவே விட்டத்தை முதலில் தீர்மானித்துவிட்டு, பிட்ச்சை நுண்ணிய திருத்தத்துக்கு வைத்துக்கொள்வதே நல்லது. விட்டத்தில் தவறியதைப் பிட்ச்சைக் கொண்டு ஈடுகட்ட முயன்றால், அது பெரும்பாலும் ஒரு வாரத்துக்குமேல் நிற்பதில்லை.

அப்படியானால் சிறிய விட்டத்தையே எடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். தள்ளுவிசை என்பது பின்னால் அனுப்பும் தண்ணீரின் அளவையும் அதற்குக் கொடுக்கும் வேகத்தையும் பொறுத்தது. அதற்குச் செலவாகும் ஆற்றலோ அந்த வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நிறையத் தண்ணீரை மெல்லத் தள்ளுவது எப்போதும் கொஞ்சம் தண்ணீரை வேகமாகத் தள்ளுவதைவிடச் சிக்கனமானது. 50 மி.மீ. வட்டத்தின் பரப்பு 40 மி.மீ. வட்டத்தைவிட 1.56 மடங்கு. அதைவிட முக்கியமானது நிறுத்தும் ஆற்றல். நின்ற நிலையில் தள்ளுவிசை சுற்றுவேகத்தின் வர்க்கத்தையும் விட்டத்தின் நான்காம் அடுக்கையும் பின்பற்றும். வடிவ வேறுபாட்டை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 2,520 சுற்றில் 40 மி.மீ. தரும் தள்ளுவிசை 2,270 சுற்றில் 50 மி.மீ. தருவதில் ஏறத்தாழப் பாதிதான். இழுவைப் படகின் வேலையே இழுப்பதும் நிறுத்துவதும் என்றிருக்க, அந்த இடத்தில் பாதியை இழப்பதில் பொருளில்லை. விகிதம் 1.3 இருப்பதால், நின்ற நிலையில் அதன் இறக்கைகள் தண்ணீரைச் சரியாகப் பிடிக்காமல் கலக்கிக்கொண்டிருக்கும் என்பது அதற்கு மேல்.

அடுத்து மோட்டாரின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். இந்தப் படகில் உள்ளது 540 அளவுள்ள, 36 மி.மீ. விட்டமுள்ள மோட்டார், 12 வோல்ட்டில் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 5,000 சுற்றுகள் சுற்றும்படி, மெதுவான வேகத்துக்கென்று அமைந்த சுருள் கொண்டது. 7.2 வோல்ட் மின்கலத்தில் அது 3,000 ஆகும். பிரஷ் மோட்டார்கள் சுமையில்லாத வேகத்தில் முக்கால் பங்குக்கும் சற்று மேலான வேகத்தில் சுற்றும்போதுதான் நன்றாக உழைக்கும். 50 மி.மீ.க்குத் தேவையான 2,270 அந்த எல்லைக்குள் வருகிறது. 55 மி.மீ.க்கான 1,900 சுற்றுகள் என்றால் மோட்டார் மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே அமுக்கப்படுகிறது. அந்த நிலையில் அது ஓடுவதைவிடச் சுடுவதில்தான் மும்முரமாக இருக்கும். மோட்டாரின் விட்டத்துக்கு மேல் புரொப்பெல்லரின் விட்டம் போகக் கூடாது என்று மாதிரிப் படகு செய்பவர்களிடையே ஒரு பழைய கைக்கணக்கு உண்டு. அது பொம்மைகளிலும் பந்தயக் கார்களிலும் வரும், நிமிடத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் சுற்றும் மோட்டார்களை நேரடியாகப் பூட்டும்போது பொருந்துவது. மெதுவான சுருளோ பல்சக்கரக் குறைப்போ இருக்கும் இடத்தில் அதைப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

55 மி.மீ.யை நான் அறவே ஒதுக்கவில்லை. திறன் சுற்றுவேகத்தின் மூன்றாம் அடுக்கைப் பின்பற்றுவதால், வேகத்தை 15 விழுக்காடு குறைத்தாலே அந்த 1.61 மடங்கு சமமாகிவிடும். பல்பட்டைக் குறைப்பு ஒன்றைப் பொருத்தத் தயாராக இருப்பவருக்கு அதுவே சிறந்த தேர்வாக அமையலாம். உண்மைக் கப்பலோடு ஒப்பிட்டாலும் அது இயல்பானது: நிமிடத்துக்கு 250 சுற்றுகள் சுற்றும் கப்பல் புரொப்பெல்லரை 1:50 மாதிரியில் 7.07 ஆல் பெருக்கி 1,770 சுற்றுகளில் ஓட்டினால் போதும். ஆனால் இந்தப் படகில் சுக்கான் தாங்கிக்கும் அடிப்பக்கத்துக்கும் இடையே 64 மி.மீ. இடமே உள்ளது. விட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது நுனிக்கும் படகின் அடிக்கும் நடுவே விட வேண்டும் என்று நான் கொள்வதால், 55 மி.மீ.க்கு மேலும் கீழும் நாலரை மில்லிமீட்டர் என்பது போதாது. ஒவ்வொரு இறக்கையும் அந்த நெருக்கத்தைக் கடக்கும்போது எழும் துடிப்பு, மேல்தளத்தில் காதை வைத்தால் உறுமலாகக் கேட்கும்.

இறக்கைகளின் எண்ணிக்கையைப் பற்றிப் பேசப்படுவது அதன் விளைவைவிட அதிகம். ஒரே விட்டத்தில் இறக்கை கூடக் கூட அதிர்வு குறையும், சுமையைத் தாங்கும் பரப்பு கூடும், உராய்வால் சிக்கனம் சிறிது குறையும். வேகப் படகுக்கு இரண்டும், கனப் படகுக்கு மூன்று அல்லது நான்கும் என்பதற்கு மேல் இதில் ஆழ்ந்து யோசிக்கத் தேவையில்லை. உண்மைக் கப்பலில் ஐந்து இறக்கைகள் இருந்தால், அலமாரியில் வைக்க ஐந்தும், தண்ணீரில் ஓட்ட மூன்றும் என இரண்டு வைத்துக்கொள்வோரும் உண்டு. தேவைக்கு மேலான இறக்கைப் பரப்பு சுமைதான் என்பது இந்தக் கருவியின் தொடக்கத்திலேயே தெரிந்த செய்தி. ஃபிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் 1835-இல் சுருள்வில்லால் இயங்கும் ஒரு மாதிரிப் படகைக் கொண்டுதான் திருகு உந்துதலைச் சோதித்தார். பிறகு செய்த பெரிய படகில் இரண்டு முழுச் சுற்று உள்ள மரத்திருகு 1837-இல் ஓட்டத்தின்போது உடைந்து பாதியாகிவிட, படகு முன்னைவிட வேகமாக ஓடியது.

பொருளைப் பொறுத்தவரை நைலானைக் குறைத்துப் பேசுவது சரியல்ல. அது அரிக்காது, கல்லில் மோதினால் தான் முறிந்து தண்டைக் காப்பாற்றும். சுமை ஏறும்போது வளைந்து பிட்ச் மாறிவிடுவது அதன் குறை. ஆகவே மேசையில் அளந்த எண்ணுக்கும் தண்ணீரில் உள்ள எண்ணுக்கும் இடைவெளி இருக்கும். பித்தளை அளந்ததை அப்படியே காக்கும், திருத்தவும் இடம்கொடுக்கும். உப்புநீரில் ஓட்டினால் நன்னீரில் அலசித் துடைத்துவிட வேண்டும். பந்தயத்துக்கான பெரிலியம் செம்புப் புரொப்பெல்லர்களைத் தீட்டுவோர் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அந்தத் தூள் நுரையீரலுக்கு மிகுந்த கேடு. நீரில் நனைத்தே தேய்க்க வேண்டும். உலர்ந்த அரமோ சுழல் கருவியோ கூடாது.

சுழற்சித் திசையையும் வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும். படகின் பின்முனையான அமரத்துக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது கடிகாரத் திசையில் சுற்றிப் படகை முன்னே தள்ளுவது வலஞ்சுழி. எதிர்த்திசையில் சுற்றித் தள்ளுவது இடஞ்சுழி. மோட்டாரின் இணைப்புக் கம்பிகளை மாற்றிவிட்டால் எதையும் எப்படியும் சுற்றவைக்கலாம் என்பது உண்மையே. ஆனால் புரொப்பெல்லரைத் திருப்பிப் பூட்டினால் வலஞ்சுழி இடஞ்சுழி ஆகிவிடும் என்று நினைப்பது தவறு. திருகாணியை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அதன் மரை மாறாததைப்போல இதுவும் மாறாது. ஒற்றைத் தண்டுப் படகில் வலஞ்சுழியானது பின்விசையின்போது அமரத்தை இடப்பக்கம் இழுக்கும். கரையை எந்தப் பக்கமாக அணைப்பது வசதி என்பதை அது தீர்மானிக்கும். இரட்டைத் தண்டுப் படகில் ஒன்று வலம், ஒன்று இடம் என வைத்து, மேலே வரும் இறக்கைகள் வெளிப்புறம் நோக்கிச் சுற்றும்படி அமைப்பது பரவலான வழக்கம்.

இதோடு மரையும் சேர்ந்து வருகிறது. மாதிரிப் படகுத் தண்டுகளில் பெரும்பாலும் வல மரையே இருப்பதால், முன்னோக்கி ஓடும்போது நீரின் எதிர்ப்பு வலஞ்சுழிப் புரொப்பெல்லரைக் கழற்றும் திசையிலும், இடஞ்சுழியை இறுக்கும் திசையிலும் வேலை செய்யும். இடஞ்சுழியும் பின்விசையின்போது கழலப் பார்க்கும். ஆகவே எதுவானாலும் பூட்டு நட் இல்லாமல் தண்ணீரில் இறக்கக் கூடாது. நட்டைச் சரியாக இறுக்காத ஒரு நாளில், குளத்தின் நடுவே முழுப் பின்விசை கொடுத்து ஓர் இடஞ்சுழியை நான் இழந்திருக்கிறேன். படகைக் காற்று கரைக்குக் கொண்டுவர ஒரு மணி நேரமாயிற்று. பழைய பிரிட்டிஷ் தண்டுகளை வைத்திருப்போர் மரையின் அளவையும் சரிபார்க்க வேண்டும். 2பிஏ மரையின் விட்டம் 4.7 மி.மீ., மரைகளுக்கு இடைப்பட்ட தூரம் 0.81 மி.மீ.; மெட்ரிக் அளவான எம்5-க்கு இவை 5 மற்றும் 0.8. இரண்டும் நெருங்கியிருப்பதால் எம்5 குடம் அந்தத் தண்டில் தடையின்றி ஏறிவிடும். ஆனால் தளர்ந்து ஆடிக்கொண்டிருக்கும்.

இழுப்பதையே நோக்கமாகக் கொண்டவருக்கு இன்னொரு வழி, லுட்விக் கோர்ட்டின் பெயரால் வழங்கும் வளையக் கூடு. மெதுவான வேகத்தில், பெரும் சுமையில், அது தள்ளுவிசையைக் கூட்டித் தரும். வேகம் கூடினால் அந்த வளையமே தடையாகிவிடும். கூட்டுக்குள் சுற்றும் இறக்கையின் நுனி அகலமாகவும் தட்டையாகவும் வெட்டப்பட்டு, வளையத்துக்கு மிக நெருக்கமாக அமைய வேண்டும். கூர்நுனி உள்ள சாதாரணப் பித்தளையை அதற்குள் வைத்தால் வளையத்தால் கிடைக்க வேண்டிய பயனில் பெரும்பகுதி போய்விடும். என் படகின் அசலில் கூடு இல்லை என்பதால் இதை விட்டுவிட்டேன்.

நைலான் 40-க்கும் அதற்குரிய இடம் இருக்கிறது. எடை குறைந்த, நீரின்மேல் எழும்பிச் சறுக்கி ஓடும் படகில், நிமிடத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுகளில், அந்த 1.3 விகிதம் சரியாக வேலை செய்யும். இன்னும் வேகமான படகுகளில் புரொப்பெல்லரின் மேற்பாதி நீருக்கு வெளியே சுற்றும்படி வைப்பதால் விட்டம், சுமை பற்றிய மேற்கண்ட கணக்குகள் மாறிவிடும். அங்கே இரண்டு இறக்கை, 1.4 விகிதம் என்று தொடங்கி, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் மோட்டாரின் வெப்பத்தைப் பார்த்து ஏறவோ இறங்கவோ செய்வதே வழி.

கணக்கு இவ்வளவு சொன்ன பிறகும், பூட்டியவுடன் தொட்டித் தண்ணீரில் கட்டிவைத்துச் சோதிக்காமல் நான் விடுவதில்லை. மின்கலத்துக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் நடுவே ஓர் ஆம்பியர் மீட்டரை வைத்து, அமரத்திலிருந்து ஒரு வில்தராசைத் தொட்டியின் விளிம்புக்குக் கட்டி, பத்து நொடி முழுவேகம் கொடுத்தால் மின்னோட்டமும் இழுவிசையும் ஒருசேரக் கிடைக்கும். கட்டிவைத்த படகில் மின்னோட்டம் ஓடும் படகைவிடக் கூடுதலாகவே காட்டும். அந்த எண் மோட்டாரின் தொடர் வரம்புக்குள் இருந்தால் குளத்தில் கவலையில்லை. தண்ணீரில் வெண்ணிறக் குமிழிகள் வந்தால் உடனே அதைக் குழிவாக்கம், அதாவது அழுத்தம் குறைந்து நீரே ஆவிக்குமிழியாவது, என்று முடிவுகட்ட வேண்டாம். இந்த வேகங்களில் அது பெரும்பாலும் மேற்பரப்பிலிருந்து உறிஞ்சப்படும் காற்றுதான். படகின் பின்பகுதியில் சிறிது எடையைச் சேர்த்து அமரத்தைத் தாழ்த்தினாலே நின்றுவிடும்.

மூன்றிறக்கைப் பித்தளையைப் பூட்டி, அதன் அளவுகளை, 50, 42, வலஞ்சுழி, எம்4 என்று, ஒரு சிறு துணித்துண்டில் எழுதி மின்கலப் பெட்டியின் உள்மூடியில் ஒட்டியிருக்கிறேன். முதல் ஓட்டம் பதினைந்து நிமிடம். கரைக்கு வந்ததும் மோட்டாரின் கூட்டில் விரலை வைத்துப் பத்து எண்ணும்வரை எடுக்கத் தேவைப்படவில்லை. பூட்டு நட்டை ஒருமுறை இறுக்கிப் பார்த்தேன். கால் சுற்று இளகியிருந்தது.